பெயர் ஒரு வாக்குறுதி: கம்பைலர் கருவிகளில் புராசஸர் கட்டமைப்புகளுக்கும் ரகங்களுக்கும் பெயரிடும் முறை

ஒரு கணினியில் கம்பைல் செய்த நிரலை இன்னொரு கணினியில் ஓட்டும்போது, சில வேளை அது தொடங்கிய கணத்திலேயே "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்ற இரண்டு சொற்களோடு நின்றுவிடும். நிரலின் தர்க்கத்தில் பிழை இருக்காது, வன்பொருளிலும் பழுது இருக்காது. எந்தப் புராசஸருக்காக ஆணைகளை எழுத வேண்டும் என்று கம்பைலரிடம் சொன்ன பெயர் ஒன்றாகவும், நிரல் போய்ச் சேர்ந்த புராசஸர் வேறொன்றாகவும் இருந்திருக்கும். இந்த அத்தியாயம் அந்தப் பெயர்களைப் பற்றியது. புதிய புராசஸருக்குக் கம்பைலரைத் தயார் செய்பவர்கள் மட்டும் படிக்க வேண்டிய விஷயம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு மென்பொருளைத் தொகுத்துப் பிறருக்குக் கொடுக்கும் எவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு புராசஸர் பெயரைத் தேர்ந்தெடுத்துத்தான் கொடுக்கிறார்.

இங்கே முன்வைக்கப்படும் கருத்து ஒன்றுதான். கட்டமைப்பின் பெயர், அந்தப் பெயரில் உருவான நிரல் எங்கெல்லாம் ஓடும் என்பதற்கான வாக்குறுதி. எனவே பொருத்தம் எங்கே முறிகிறதோ அங்கேதான் புதிய பெயர் பிறக்க வேண்டும். பொருத்தத்தை முறிக்காத வேறுபாடுகளைப் பெயருக்குள் திணிக்காமல் தனிக் குறிப்பாக வைக்க வேண்டும். பொருத்தம் முறிந்த பிறகும் பழைய பெயரையே தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த விதியை மீறியதால் வந்த சிக்கல்கள் கம்பைலர் உலகில் நிறைய உண்டு. அவற்றிலிருந்தே இதற்கான சான்றுகளையும் எடுத்துக்கொள்வோம்.

பெயர் இடம்பெறும் நான்கு இடங்கள்

முதல் இடம், க்னூ கருவிகள் பழக்கப்படுத்திய கோடிட்ட பெயர். 'எக்ஸ்86_64-பிசி-லினக்ஸ்-க்னூ' என்பது அதன் ஒரு வடிவம். முதல் பகுதி புராசஸர் குடும்பம், இரண்டாவது தயாரிப்பாளர், மூன்றாவது கெர்னல், நான்காவது அந்தக் கெர்னலின் மேல் இருக்கும் நூலகமும் அழைப்பு முறையும். தொடக்கத்தில் மூன்று பகுதிகளே இருந்ததால் இதை இன்றும் 'டிரிப்லெட்' என்றே அழைக்கிறார்கள். கணினியைப் பார்த்து இந்தப் பெயரை ஊகிக்கும் வேலையைக் 'கான்ஃபிக்.கெஸ்' என்ற ஸ்கிரிப்ட் செய்கிறது. மாற்றுப் பெயர்களை ஒழுங்கான ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலை 'கான்ஃபிக்.சப்' என்ற ஸ்கிரிப்டுடையது. இந்தப் பெயர் மூன்று வேடங்களில் வரும். நிரலைக் கட்டும் கணினி 'பில்ட்', அது ஓடப்போகும் கணினி 'ஹோஸ்ட்', கட்டப்படும் நிரலே ஒரு கம்பைலராக இருந்தால் அது எந்தக் கணினிக்காக ஆணைகளை உருவாக்குமோ அது 'டார்கெட்'. சாதாரண மென்பொருளைக் கட்டும்போது டார்கெட் தேவையே இல்லை. வேறு கணினிக்காகக் கட்டுகிறவர்கள் ஹோஸ்டைக் குறிப்பிட வேண்டிய இடத்தில் டார்கெட்டைக் குறிப்பிட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இரண்டாவது இடம் 'எம்ஆர்க்', 'எம்டியூன்', 'எம்சிபியு' போன்ற கம்பைலர் விருப்பங்கள். எந்த ஆணைகளைப் பயன்படுத்தலாம் என்பதை எம்ஆர்க் தீர்மானிக்கிறது. அனுமதிக்கப்பட்ட ஆணைகளை எந்தப் புராசஸரில் வேகமாக ஓடும்படி அடுக்குவது என்பதை எம்டியூன் தீர்மானிக்கிறது. எம்ஆர்க் தவறினால் நிரல் நின்றுபோகும், எம்டியூன் தவறினால் சற்று மெதுவாக ஓடும், அவ்வளவே. எம்சிபியு இடத்துக்கு இடம் பொருள் மாறும். ஜிசிசி கம்பைலரில் எக்ஸ்86 குடும்பத்துக்கு அது எம்டியூனின் வழக்கொழிந்த இன்னொரு பெயர். ஆர்ம் குடும்பத்துக்கு ஆணைகளையும் அடுக்கும் முறையையும் சேர்த்தே தீர்மானிக்கும். ஒரு குடும்பத்தில் ஆபத்தில்லாமல் பயன்படுத்திய விருப்பத்தை இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுத்தால், வேகத்தைக் கூட்ட எழுதிய வரி நிரல் ஓடும் எல்லையையே சுருக்கிவிடும்.

மூன்றாவது இடம் பைனரி கோப்பின் தலைப்பகுதி. எல்ஃப் வடிவக் கோப்புகளில் கட்டமைப்பு ஓர் எண்ணாகப் பதிவாகிறது. பழைய 32 பிட் எக்ஸ்86-க்கு 3, ஆர்முக்கு 40, 64 பிட் எக்ஸ்86-க்கு 62, ஏஆர்ச்64-க்கு 183, ரிஸ்க்-வி-க்கு 243. குடும்பத்துக்கு மேற்பட்ட விவரங்கள் கொடி பிட்டுகளிலோ தனிப் பண்புப் பகுதியிலோ இருக்கும்.

நான்காவது இடம், லிங்கர் தன் உள்ளே வைத்திருக்கும் அட்டவணை. க்னூ பின்யுட்டில்ஸின் பிஎஃப்டி நூலகம் ஒவ்வொரு புராசஸரையும் இரண்டு படிகளாகப் பிரிக்கிறது. 'ஆர்க்கிடெக்சர்' என்பது குடும்பம். 'மெஷின்' என்பது அதற்குள் இருக்கும் ரகம். 64 பிட் எக்ஸ்86-ஐ அது 'ஐ386:எக்ஸ்86-64' என்று அச்சிடுவது இதனால்தான். 32 பிட் ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்றை 64 பிட் நிரலோடு இணைக்க முயன்றால், ஐ386 கட்டமைப்புக் கோப்பு ஐ386:எக்ஸ்86-64 வெளியீட்டோடு பொருந்தவில்லை என்று லிங்கர் சொல்லும் செய்தியில் இந்தப் பெயர்களைக் காணலாம்.

ரகங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை

இரண்டு கோப்புகளை இணைக்கலாமா என்று பார்க்க பிஎஃப்டி வைத்திருக்கும் பொது விதி நேரடியானது. குடும்பம் ஒன்றாகவும் சொல்லின் அகலம் ஒன்றாகவும் இருந்தால், இரண்டு ரக எண்களில் பெரியதை விடையாகக் கொள்ளும். பெரிய எண்ணுடைய ரகம் சிறிய எண்ணுடையதன் எல்லா ஆணைகளையும் உள்ளடக்கியது என்ற நம்பிக்கை இந்த விதியின் அடியில் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஒவ்வொரு தலைமுறையிலும் பழையதை விடாமல் புதியதைச் சேர்த்துக்கொண்டே போகும் வரை இது சரிவரும்.

மோட்டோரோலாவின் 68000 குடும்பத்தில் இந்த நம்பிக்கை உடைந்தது. அதிலிருந்து கிளைத்த சிபியு32-உம் கோல்ட்ஃபயரும் சில ஆணைகளை விட்டன, சிலவற்றைச் சேர்த்தன. எது பெரிது, எது சிறிது என்று வரிசைப்படுத்த வழியில்லை. அதனால் பிஎஃப்டி அந்தக் குடும்பத்துக்குத் தனி விதி வைத்திருக்கிறது. ரக எண்ணை முதலில் அம்சங்களின் தொகுப்பாக மாற்றும், இரண்டு தொகுப்புகளையும் ஒப்பிடும், பிறகு பொருத்தமான ரகத்துக்குத் திரும்பும். ரகத்தின் பெயர் அம்சங்களின் சுருக்கெழுத்து மட்டுமே என்பதையும், பொருத்தம் அம்சங்களால்தான் முடிவாகிறது என்பதையும் அந்த நிரல் வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது.

எக்ஸ்86 உலகிலும் இதே கதைதான். ஏஎம்டியின் புல்டோசர் புராசஸர்களில் எக்ஸ்ஓபி, எஃப்எம்ஏ4 என்ற ஆணைத் தொகுதிகள் இருந்தன. அடுத்து வந்த ஸென் தலைமுறை எக்ஸ்ஓபியைக் கைவிட்டது, எஃப்எம்ஏ4-க்கான அதிகாரப்பூர்வ ஆதரவையும் நீக்கியது. புல்டோசருக்காக 'பிடிவெர்1' என்ற பெயரில் கம்பைல் செய்த நிரல் புதிய ஸென்னில் நின்றுபோகலாம். இன்டெலின் 11-ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புராசஸர்களில் ஏவிஎக்ஸ்-512 இருந்தது. 2021-இல் வந்த 12-ஆம் தலைமுறை ஆல்டர் லேக்கில் அதிகாரப்பூர்வமாக இல்லை. புதியது பழையதை உள்ளடக்கும் என்று நினைத்துப் பெயரைத் தேர்ந்தெடுப்பவருக்கு இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளும் போதுமான எச்சரிக்கை.

வடிவமைப்புகளின் பெயர்களை நம்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்டெல் வடிவமைப்பு ஒன்றின் பெயரான 'ஹாஸ்வெல்' என்பதைக் கம்பைலரிடம் சொன்னால் ஏவிஎக்ஸ்2 ஆணைகளையும் அது தாராளமாகப் பயன்படுத்தும். ஆனால் ஹாஸ்வெல் வடிவமைப்பிலேயே வந்த பென்டியம், செலிரான் ரகங்களில் ஏவிஎக்ஸும் இல்லை, ஏவிஎக்ஸ்2-உம் இல்லை. விலைக்கேற்ப அம்சங்களை முடக்கி விற்பது தயாரிப்பாளரின் வழக்கம். வடிவமைப்பின் பெயர் அதைக் காட்டாது. ஆர்ம் உலகில் இதே குழப்பம் வேறு உருவில் வருகிறது. ஆர்ம்7டிடிஎம்ஐ என்பது ஒரு கோரின் பெயர். அது பின்பற்றும் ஆணைத்தொகுதி ஆர்ம்வி4டி. ஆர்ம்வி7 என்பது பல ஆண்டுகள் கழித்து கார்டெக்ஸ் கோர்களோடு வந்த ஆணைத்தொகுதி. எழுத்தில் ஒரு 'வி' மட்டுமே வேறுபாடு. இடையில் இரண்டு பதிப்புகள் கடந்திருக்கின்றன.

பல பெயர்கள் ஒரு பொருள், ஒரு பெயர் பல பொருள்

பெயர்க் குழப்பங்கள் எல்லாம் ஒரே அளவு தீங்கானவை அல்ல. ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் இருப்பது தொல்லை தரும், நிரலைக் கெடுக்காது. ஒரே பெயர் பல பொருள்களைச் சுமப்பதுதான் நிரலைக் கெடுக்கும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எங்கே கவலைப்பட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

ஏஎம்டி உருவாக்கி 2003-இல் ஆப்டெரான் புராசஸரோடு சந்தைக்கு வந்த 64 பிட் கட்டமைப்பை க்னூ கருவிகள் எக்ஸ்86_64 என்கின்றன. டெபியனும் ஃப்ரீபிஎஸ்டியும் கோ மொழியும் ஏஎம்டி64 என்கின்றன, மைக்ரோசாஃப்ட் எக்ஸ்64 என்கிறது, இன்டெல் தன் புராசஸர்களில் அதை இன்டெல் 64 என்றழைக்கிறது. ஆர்மின் 64 பிட் ஆணைத்தொகுதியும் இப்படித்தான். லினக்ஸ் கெர்னலில் அதற்கான கோப்புறைக்கு முதலில் முன்மொழிந்த பெயர் ஏஆர்ச்64. விவாதத்துக்குப் பிறகு ஆர்ம்64 என்ற பெயரில் 2012 டிசம்பரில் வெளியான 3.7 பதிப்பில் அது சேர்ந்தது. ஆனாலும் 'யூநேம் -எம்' கட்டளை இன்றும் ஏஆர்ச்64 என்றே சொல்கிறது. எல்எல்விஎம் திட்டத்தில் ஏஆர்ச்64, ஆர்ம்64 என்று இரண்டு தனித்தனிப் பகுதிகளே சில காலம் இருந்து, 2014-இல் ஒன்றாக இணைந்தன. இவற்றால் கட்டும் ஸ்கிரிப்டுகளில் நாலைந்து வரிகள் கூடியதுண்டு, நிரல்கள் சாய்ந்ததில்லை. மாற்றுப் பெயர்களை ஒன்றாக்கத்தான் கான்ஃபிக்.சப் இருக்கிறது. இந்த வகையில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: ஐஏ-64 என்ற பெயர் இன்டெல் 64-ஐக் குறிக்காது, அது முற்றிலும் வேறான ஐட்டேனியம் கட்டமைப்பின் பெயர்.

ஐ386 என்ற பெயரின் வாழ்க்கை இதற்கு எதிரான பாடம். 80386 புராசஸர் 1985-இல் வந்தது. லினக்ஸ் கெர்னல் 2013-இல் வெளியான 3.8 பதிப்போடு அதற்கான ஆதரவை நீக்கியது. 2017-இல் வெளியான டெபியன் 9, தன் ஐ386 தொகுப்புகளை ஓட்ட ஐ686 வகைப் புராசஸராவது வேண்டும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகும் தொகுப்புகளின் பெயர் ஐ386 என்றே இருந்தது. பெயரை மட்டும் பார்க்கிறவர் 386-இல் ஓடும் என்று எண்ணுவார். உண்மையில் அசல் பென்டியத்தில்கூட ஓடாது. இந்தப் பெயர் மாறாமல் நின்றதற்கு நியாயமும் உண்டு. தொகுப்புகளின் சார்புகள், கோப்புறைப் பாதைகள், பதிவேறும் சேமிப்பகங்கள் எல்லாம் அந்தப் பெயரில் பின்னிக் கிடந்தன. அழைப்பு முறையும் மாறவில்லை. பழைய ஐ386 நிரலைப் புதிய கணினியில் ஓட்டலாம். மாறியது குறைந்தபட்சத் தேவை மட்டுமே. அந்தத் தேவையைப் பெயர் சொல்லாததால் வெளியீட்டுக் குறிப்பில் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று.

இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு ஆர்ம்எச்எஃப். மிதப்புப் புள்ளி எண்களை ஒரு சார்புக்கு அனுப்பும்போது சாதாரண ரெஜிஸ்டர்களில் அனுப்புவதா, மிதப்புப் புள்ளிக்கான தனி ரெஜிஸ்டர்களில் அனுப்புவதா என்பதில் ஆர்ம் உலகம் இரண்டாகப் பிரிந்தது. மீட்டர்கேஜ் வண்டி பிராட்கேஜ் தண்டவாளத்தில் ஓடாதது போல, ஒரு முறையில் கட்டிய நிரல் மற்றதில் கட்டிய நூலகத்தோடு சேராது, லிங்கரே மறுத்துவிடும். பொருத்தம் தெளிவாக முறிந்த இந்த இடத்தில் புதிய பெயர் பிறந்தது முற்றிலும் சரி. பழைய முறைக்கு ஆர்ம்ஈஎல், புதிய முறைக்கு ஆர்ம்எச்எஃப் என்று டெபியன் பிரித்தது. டிரிப்லெட்டில் அது 'க்னூஈஏபிஐஎச்எஃப்' என்று முடியும். 2013-இல் வெளியான டெபியன் 7 ஆர்ம்எச்எஃப் தொகுப்புகளோடு வந்தது, அவற்றுக்கு ஆர்ம்வி7 புராசஸர் வேண்டும் என்ற தேவையோடு.

ஆனால் 2012-இல் வந்த முதல் ராஸ்பெரி பை-யில் இருந்தது ஆர்ம்வி6 வகைக் கோர். அதில் மிதப்புப் புள்ளி ரெஜிஸ்டர்கள் உண்டு, ஆர்ம்வி7 ஆணைகள் இல்லை. எனவே ராஸ்பியன் என்ற வெளியீடு டெபியனின் தொகுப்புகளை ஆர்ம்வி6-க்காக மறுபடி கட்டியது. அழைப்பு முறை ஒன்றே என்பதால் ஆர்ம்எச்எஃப் என்ற பெயரையும் அதே டிரிப்லெட்டையும் வைத்துக்கொண்டது. விளைவு, ஒரே பெயரில் இரண்டு உலகங்கள். ராஸ்பியனின் ஆர்ம்எச்எஃப் தொகுப்பு டெபியன் கணினியில் ஓடும். டெபியனின் ஆர்ம்எச்எஃப் தொகுப்பு முதல் ராஸ்பெரி பை-யிலோ பை ஸீரோவிலோ நிறுவப்படும், ஓட்டினால் நின்றுவிடும். தொகுப்பு மேலாளர் பெயரை மட்டும் ஒப்பிடுகிறது. பெயரில் அழைப்பு முறை இருக்கிறது, ஆணைத்தொகுதியின் தேவை இல்லை. ஐ386 தன் தேவையைக் காலப்போக்கில் உயர்த்தியதால் வந்தது அந்தச் சிக்கல். ஆர்ம்எச்எஃப் ஒரே காலத்தில் இரண்டு தேவைகளைச் சுமந்ததால் வந்தது இது. இரண்டிலும் பிழை ஒன்றுதான்: குடும்பம், அழைப்பு முறை, குறைந்தபட்ச ஆணைத்தொகுதி என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரே பெயர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கற்றுக்கொண்ட பாடத்தின் இரண்டு வடிவங்கள்

எக்ஸ்86 உலகம் இந்தப் பாடத்தைத் தாமதமாக, ஆனால் நன்றாகக் கற்றது. ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹேட், சூசே ஆகிய நான்கு நிறுவனங்களும் 2020-இல் சேர்ந்து நான்கு படிகளை வரையறுத்தன. எக்ஸ்86-64 என்பது 2003-இன் அடிப்படை. வி2 அதோடு எஸ்எஸ்இ4.2 வரையிலானவற்றைச் சேர்க்கும். வி3-இல் ஏவிஎக்ஸ்2, எஃப்எம்ஏ முதலியவை வரும். வி4-இல் ஏவிஎக்ஸ்-512-இன் ஐந்து பகுதிகள் வரும். இந்தப் பெயர்களில் எந்தப் புராசஸரின் விற்பனைப் பெயரும் இல்லை என்பதே இவற்றின் பலம். ஒவ்வொரு படியும் முந்தையதை முழுமையாக உள்ளடக்கும் என்று வரையறையிலேயே உறுதி செய்திருப்பதால், நேர்கோட்டு ஒப்பீடு மீண்டும் செல்லுபடியாகிறது. ஜிசிசி 11-உம் கிளாங் 12-உம் இவற்றை எம்ஆர்க் விருப்பத்தில் ஏற்கின்றன. 2022-இல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9 தன் அடிப்படையை வி2 என்றும், 2025-இல் வந்த 10-ஆம் பதிப்பு வி3 என்றும் அறிவித்தன. குடும்பப் பெயர் எக்ஸ்86_64 அப்படியே இருக்கிறது, அழைப்பு முறையும் மாறவில்லை. உயர்ந்த தேவை மட்டும் தனிப் பெயரில் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது.

ரிஸ்க்-வி வேறு வழியில் சென்றது. அங்கே பெயரே அம்சங்களின் பட்டியல். 'ஆர்வி64ஐஎம்ஏஎஃப்டிசி' என்றால் 64 பிட் அகலம், முழு எண் அடிப்படை, பெருக்கல் வகுத்தல், அணு ஆணைகள், இரண்டு அளவு மிதப்புப் புள்ளிகள், சுருக்கிய ஆணைகள் என்று எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். எழுத்துகளின் வரிசையும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. பின்னர் வந்த நீட்டிப்புகளில் பல இஸட் என்றும், தயாரிப்பாளரின் சொந்த நீட்டிப்புகள் எக்ஸ் என்றும் தொடங்கும். அழைப்பு முறை 'எம்ஏபிஐ' என்ற தனி விருப்பத்தில் தனியாகச் சொல்லப்படும். டிரிப்லெட்டிலோ பெரும்பாலும் ரிஸ்க்வி64 என்ற குடும்பப் பெயர் மட்டுமே. சென்னை ஐஐடி மெட்ராஸில் உருவான சக்தி புராசஸர்களுக்கான மென்பொருளும் 'ரிஸ்க்வி64-அன்நோன்-எல்ஃப்' என்ற பொதுப் பெயருடைய கருவிகளாலேயே கட்டப்படுகிறது. புதிய புராசஸரை வடிவமைத்தவர்கள் கம்பைலர் உலகில் புதிய பெயர் எதையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. ஆணைத்தொகுதிக்குப் பெயரிட்டுச் சில்லுக்குப் பெயரிடாமல் விடுவதன் பயன் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது.

ஆயினும் ரிஸ்க்-வி முறையும் பெயரின் பொருள் மாறும் ஆபத்திலிருந்து தப்பவில்லை. கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களைப் படிக்கும் ஆணைகள் தொடக்கத்தில் 'ஐ' என்ற அடிப்படைக்குள் இருந்தன. 2019-இன் வரையறை அவற்றை 'ஸிக்எஸ்ஆர்' என்ற தனி நீட்டிப்பாகப் பிரித்தது. 2022 பிப்ரவரியில் வந்த பின்யுட்டில்ஸ் 2.38 இந்தப் புதிய வரையறையை இயல்பாக ஏற்றது. அதுவரை பிழையின்றிக் கட்டப்பட்ட நிரல்கள், லினக்ஸ் கெர்னல் உட்பட, ஸிக்எஸ்ஆர் வேண்டும் என்ற பிழைச் செய்தியோடு நின்றன. பெயரோடு அந்தச் சொல்லைச் சேர்த்த பிறகே மீண்டும் கட்டப்பட்டன. 'ஐ' என்ற ஓர் எழுத்தின் பொருள் சுருங்கியதற்குக் கொடுத்த விலை இது. நீளும் பட்டியல்களைச் சமாளிக்க ரிஸ்க்-வி இன்டர்நேஷனல் இப்போது ஆர்விஏ20, ஆர்விஏ22, 2024-இல் உறுதியான ஆர்விஏ23 என்று தொகுப்புப் பெயர்களை வகுத்திருக்கிறது. அம்சப் பட்டியலில் தொடங்கிய ரிஸ்க்-வி, மாறாத பொருளுடைய தொகுப்புப் பெயருக்கு வந்திருக்கிறது. விற்பனைப் பெயர்களில் தொடங்கிய எக்ஸ்86-உம் அதே இடத்துக்கு வந்திருக்கிறது.

எழக்கூடிய மறுப்புகள்

பயனருக்குத் தெரிந்தது தன் கணினியின் விற்பனைப் பெயர்தான், அதையே கம்பைலரும் ஏற்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். தவறில்லை, எம்டியூனில் வைத்துக்கொண்டால். அங்கே பெயர் பிசகினால் வேகம் சற்றுக் குறையும், நிரல் நிற்காது. தன் கணினியில் மட்டும் ஓடும் நிரலுக்கு 'எம்ஆர்க்=நேட்டிவ்' கூடப் பொருத்தமானதே. அந்த நிரலைப் பிறருக்குக் கொடுக்கும்போதுதான் சிக்கல். நேட்டிவ் என்ற பெயர் கட்டும் கணினிக்குக் கணினி பொருள் மாறும், எனவே அதைக் கொண்டு எந்த வாக்குறுதியும் தர முடியாது.

குறைந்தபட்சத் தேவையை மட்டும் உறுதி செய்தால் புதிய கணினிகளின் திறன் வீணாகாதா என்பது இரண்டாவது மறுப்பு. நியாயமான கவலைதான், ஆனால் அதற்கு வழி இருக்கிறது. க்னூ சி நூலகம் 2021-இன் 2.33 பதிப்பிலிருந்து, ஒரே நூலகத்தின் வி2, வி3, வி4 வடிவங்களைத் தனித்தனிக் கோப்புறைகளில் வைக்க இடம் கொடுத்து, ஓடும் கணினிக்குப் பொருத்தமானதைத் தானே தேர்ந்தெடுக்கிறது. ஒரு நிரலுக்குள்ளேயே சில சார்புகளுக்கு மட்டும் பல வடிவங்களை உருவாக்கவும் ஜிசிசி வசதி தருகிறது. அடிப்படை தாழ்வாகவும் வேகம் தேவைப்படும் இடங்கள் மட்டும் உயரமாகவும் இருக்கும்படி கட்டுவதே நல்ல ஏற்பாடு.

அப்படி ஓடும்போதே சோதிக்க முடிந்தால் ரகப் பெயர்களே எதற்கு என்று அடுத்து கேட்கலாம். சோதனை செய்யும் நிரல்துண்டும் ஏதோ ஓர் அடிப்படையில் கம்பைல் ஆக வேண்டும். அந்த அடிப்படையே கணினியில் இல்லாவிட்டால் சோதனையை எட்டும் முன்பே நிரல் நின்றுவிடும். சோதனையில் கேட்கும் கேள்வியும் 'ஏவிஎக்ஸ்2 உண்டா' என்று ஒரு பெயரைக் கொண்டே கேட்கப்படுகிறது.

தவறான பழைய பெயர்களை மாற்றிவிட்டால் போயிற்று என்பது கடைசி மறுப்பு. புதிய பெயரின் விலையை அறிந்தவர்கள் இதை எளிதில் சொல்ல மாட்டார்கள். கான்ஃபிக்.சப் ஸ்கிரிப்டின் நகல் பல மென்பொருள்களின் மூலக் கோப்புகளுக்குள் இருக்கிறது. ஏஆர்ச்64-உம் ரிஸ்க்-வி-உம் வந்தபோது பழைய நகல்கள் அந்தப் பெயர்கள் தெரியாது என்று மறுத்தன. நிரலில் ஒரு வரிகூட மாற வேண்டியிராத மென்பொருள்களும் இந்த ஸ்கிரிப்டைப் புதுப்பிக்கும் வரை கட்டப்படாமல் காத்திருந்தன. ஆகவே புதிய குடும்பப் பெயர் அபூர்வமாகவே வர வேண்டும், பொருத்தம் உண்மையில் முறியும்போது தயங்காமல் வர வேண்டும். பழைய ஆணைகளின் குறியீட்டையே மாற்றிய மிப்ஸ் 6-ஆம் வெளியீட்டுக்கு 'மிப்ஸ்ஐஎஸ்ஏ32ஆர்6' என்று தனிப் பெயர் கொடுத்தது சரி. பைட் வரிசையை மாற்றிய பவர்பிசிக்கு 'பவர்பிசி64எல்இ' என்று கொடுத்ததும் சரி. ஆணைத்தொகுதி அதுவாகவே இருந்து அழைப்பு முறை மட்டும் மாறிய எக்ஸ்32-க்கு, குடும்பப் பெயரைத் தொடாமல் கடைசிப் பகுதியில் 'க்னூஎக்ஸ்32' என்று எழுதியது மிகச் சரி.

நடைமுறையில் செய்ய வேண்டியவை

முதலில், உங்கள் கருவிகள் எந்தப் பெயரில் இயங்குகின்றன என்று அவற்றிடமே கேளுங்கள். 'ஜிசிசி -டம்ப்மெஷின்' கம்பைலரின் டிரிப்லெட்டைச் சொல்லும். 'ஜிசிசி -க்யூ --ஹெல்ப்=டார்கெட்' இயல்பாக இயங்கும் எம்ஆர்க், எம்டியூன் மதிப்புகளைக் காட்டும். யூநேமை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்; அது கெர்னலின் கட்டமைப்பைச் சொல்கிறது. 64 பிட் கெர்னலின் மேல் 32 பிட் நிரல்கள் நிறுவப்பட்ட ராஸ்பெரி பை-யில் யூநேம் ஏஆர்ச்64 என்று சொல்லும், நிறுவப்பட்ட நூலகங்களோ ஆர்ம்எச்எஃப் ஆக இருக்கும்.

அடுத்து, கட்டி முடித்த கோப்பைச் சோதியுங்கள். 'ரீட்எல்ஃப் -எச்' குடும்பத்தையும் கொடிகளையும் காட்டும். ஆர்ம், ரிஸ்க்-வி கோப்புகளில் 'ரீட்எல்ஃப் -ஏ' ஆணைத்தொகுதியின் விவரத்தையும் காட்டும். எக்ஸ்86 கோப்புகளில் எந்த ஆணைகள் பயன்படுத்தப்பட்டிருக்கின்றன என்பது இப்படி எப்போதும் பதிவாவதில்லை. எனவே கட்டும்போது கொடுத்த எம்ஆர்க் மதிப்பை நீங்களே எழுதி வைக்க வேண்டும். ஓட்டப்போகும் லினக்ஸ் கணினி எந்தப் படி வரை தாங்கும் என்று அறிய, 64 பிட் டைனமிக் லோடரை '--ஹெல்ப்' விருப்பத்தோடு அழைத்தால் வி2, வி3, வி4 எது ஆதரிக்கப்படுகிறது என்று பட்டியலிடும்.

நீங்களே ஒரு புதிய பெயரைச் சூட்ட வேண்டிய நிலை வந்தால், இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பழைய பெயரில் கட்டிய கோப்பு இந்தப் புதிய இயந்திரத்தில் ஓடுமா? பழைய பெயரில் கட்டிய நூலகத்தோடு இங்கே கட்டிய நிரல் இணையுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் புதிய குடும்பப் பெயர் வேண்டாம், எம்ஆர்க்குக்கு ஒரு ரகப் பெயர் போதும். முதல் கேள்விக்கு இல்லை என்றால் குடும்பப் பெயரே மாற வேண்டும். இரண்டாவதற்கு மட்டும் இல்லை என்றால் அழைப்பு முறையின் பகுதியில் மாற்றத்தைக் காட்டுங்கள். ரகப் பெயரை ஒரு முறை வெளியிட்ட பிறகு அதன் பொருளை விரிக்கவோ சுருக்கவோ செய்யாதீர்கள். அடுத்த தொகுப்புக்கு அடுத்த எண்ணைக் கொடுங்கள்.

மென்பொருளை வெளியிடுகிறவர்கள் ஒவ்வொரு பைனரியோடும் மூன்று வரிகளை எழுதி வையுங்கள்: எந்தக் குடும்பம், எந்த அழைப்பு முறை, குறைந்தபட்சம் எந்த ஆணைத்தொகுதி. கோப்பின் பெயரிலேயே அவற்றைச் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அந்த மூன்று வரிகள் இருந்தால், பழைய கணினி வைத்திருக்கும் ஒருவர் உங்கள் நிரலைப் பதிவிறக்கும் முன்பே அது தன் கணினியில் ஓடுமா என்று தெரிந்துகொள்வார்.